நான்கு பெயர்களில் ஒரு மனிதர்

அந்தப் பெரியவருக்கு எங்கள் ஆவணங்களில் நான்கு பெயர்கள் இருந்தன. இரவுத் தங்குமிடத்தின் பதிவேட்டில் ஒன்று, உணவு கொடுக்கும் குழுவின் நோட்டில் ஒன்று, நடமாடும் மருத்துவக் குழுவின் கோப்பில் ஒன்று, மறுவாழ்வு மையத்தின் கணினியில் ஒன்று. எழுத்து மாறியிருந்தது, தலைப்பெழுத்து மாறியிருந்தது, வயது ஐம்பத்தெட்டுக்கும் எழுபதுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. உணவுக் குழுவின் நோட்டில் பெயர் கேட்கத் தயங்கியோ என்னவோ, 'சிவப்புத் தொப்பிக்காரர்' என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சமூக சேவைக்கும் எனக்கும் அதுவரை இருந்த உறவு ஆண்டுக்கு ஒரு காசோலை. "வீடில்லாதவர்களுக்கு உதவும் ஐந்தாறு அமைப்புகளிடம் பட்டியல்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொடு, உனக்குத்தான் எண்கள் பழக்கமாயிற்றே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். மூன்று மாதம் பிடித்தது.

எல்லா அமைப்புகளும் ஆண்டறிக்கைகளில் 'பயனடைந்தோர்' என்று போட்டிருந்த எண்களைக் கூட்டினால், ஊரில் வீடில்லாமல் இருந்தவர்களின் எண்ணிக்கையைவிட மிக அதிகமாக வந்தது. யாரும் பொய் எழுதவில்லை. ஒரே ஆளை அவரவர் பங்குக்கு எண்ணியிருந்தார்கள், அவ்வளவுதான். நன்கொடையாளர்களுக்குப் போன அறிக்கைகளின்படி அந்தப் பெரியவர் நான்கு முறை கரையேற்றப்பட்டிருந்தார். அறிக்கைகள் அச்சாகி வந்த அன்று இரவும் அதே பாலத்தடியில்தான் படுத்திருந்தார்.

தனித்தனியாகத் தணிக்கை செய்தால் எந்த அமைப்பையும் குறை சொல்ல முடியாது. தங்குமிடத்தில் படுக்கைகள் நிரம்பியிருந்தன. உணவுக் குழு மழை நாளில்கூட ஓய்ந்ததில்லை. மருத்துவமனை புண்ணுக்குக் கட்டுப்போட்டு அனுப்பியது. காவல் துறை புகார் வந்த இடத்தைக் காலி செய்துகொடுத்தது. எல்லோருடைய விடைத்தாளிலும் நல்ல மதிப்பெண்தான். எத்தனை பேர் நிரந்தரமாக ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கேள்வி மட்டும் யாருடைய வினாத்தாளிலும் இல்லை. 'எங்கள் படுக்கைகள் எப்போதும் நிரம்பியே இருக்கின்றன' என்று ஒரு நிர்வாகி பெருமையோடு சொன்னபோது நானும் தலையாட்டினேன். தங்குமிடம் நிரம்பியிருப்பது எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுத வேண்டிய தொகை என்பது எனக்கு உறைக்கப் பல வாரங்கள் ஆயின.

இந்த இடத்தில் 'சிஸ்டம்ஸ் திங்கிங்' என்ற சொல் வரும். தமிழில் 'அமைப்பியல் சிந்தனை' என்று எழுதுகிறார்கள். இலக்கியம் படித்தவர்களுக்கு அமைப்பியல் என்றால் வேறு ஒன்று நினைவுக்கு வந்து தொலைக்கும். நான் 'தொடர்புநோக்கு' என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பிரச்சினையின் துண்டுகளைப் பார்க்காமல், துண்டுகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, எப்படித் தள்ளுகின்றன என்று பார்ப்பது. சொல்லும்போது யாருக்கும் தெரிந்த விஷயம்போல இருக்கும். செய்யும்போதுதான் நம்முடைய நாற்காலியும் அந்தப் படத்துக்குள் இருப்பது தெரியும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கால்ஹூன் என்று ஒரு கவுன்டி இருக்கிறது, நம்மூர் மாவட்டம் மாதிரி. பேட்டில் கிரீக் அதன் பெரிய ஊர். 2000களின் நடுவில், வீடின்மையை ஒழிக்கப் பத்தாண்டுத் திட்டம் தீட்ட அங்கே ஒரு கூட்டணி உட்கார்ந்தது. டேவிட் பீட்டர் ஸ்ட்ரோ என்ற ஆலோசகரும் அவருடைய சகாக்களும் துணைக்கு வந்தார்கள். எது எதைத் தூண்டுகிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்து பார்த்ததில், அங்கிருந்தவர்களுக்குச் சங்கடமான ஒரு வட்டம் கிடைத்தது. அவசரகாலத் தங்குமிடங்கள் நன்றாக வேலை செய்யச் செய்ய, வீடற்றவர்கள் ஊரின் கண்ணிலிருந்து மறைகிறார்கள். கண்ணில் படாததால் நிரந்தர வீடு கட்ட வேண்டும் என்ற நெருக்கடி தளர்கிறது. நன்கொடையும் உடனே பலன் காட்டும் அவசர வேலைக்கே வருகிறது. அந்தப் பணத்துக்கு அமைப்புகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதால், சேர்ந்து செய்ய வேண்டிய பெரிய வேலை இன்னும் தள்ளிப்போகிறது.

கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கும் கதைதான். வைக்காமல் இருக்க முடியாது, தரை நனைந்துவிடும். ஆனால் பெரிய பாத்திரமாகக் கிடைத்துவிட்டால் கூரைமீது ஏறுவதற்கு அவசரமே இருக்காது. பாத்திரம் வைத்தவரை யார் திட்டுவது? கால்ஹூனில் நடந்த முக்கியமான காரியம், 'பிரச்சினையைத் தீர்க்க வந்த நாமும் அது நீடிப்பதில் பங்காளிகள்' என்று அங்கிருந்தவர்கள் தாங்களே கண்டுகொண்டது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து யாராவது அதைச் சொல்லியிருந்தால் கூட்டம் அன்றே கலைந்திருக்கும்.

ஏரியை வைத்து யோசித்தால் எனக்கு இன்னும் தெளிவாகப் புரிகிறது. வரத்துக்கால் வழியே நீர் வருகிறது, மதகு வழியே போகிறது. கரையில் நின்று நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு ஏரி அசையாமல் கிடப்பதுபோலத்தான் தெரியும். அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியின் கடைசிப் பத்து நாள்களில் ஓர் இரவு, நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். 2023இல் 6,53,104 பேர். 2024இல் 7,71,480 பேர். இவை நீர்மட்டத்தின் அளவுகள். நடுவில் எத்தனை பேர் வீடிழந்து வந்தார்கள், எத்தனை பேர் வீடு கிடைத்துப் போனார்கள், போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஓர் இரவின் எண்ணிக்கையால் சொல்ல முடியாது. நூறு பேருக்கு வீடு தேடிக்கொடுத்த ஊரில் நூற்றிருபது பேர் வீடிழந்தால், உழைத்தவர்கள் எல்லோரும் 'என்ன செய்தும் பயனில்லை' என்று சோர்ந்துபோவார்கள். மதகில் குறையே இருந்திருக்காது.

ஏரிக்குள் இருக்கும் நீரும் ஒரே மாதிரி இல்லை. டென்னிஸ் கல்ஹேன், ராண்டல் குன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் தங்குமிடப் பதிவேடுகளைப் புரட்டி 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்க வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பாமல் போய்விடுகிறார்கள். பத்தில் ஒருவர் வருவதும் போவதுமாக இருக்கிறார். இன்னொரு பத்தில் ஒருவர் நெடுங்காலம் அங்கேயே தங்கிவிடுகிறார். அந்தச் சிறுபங்குதான் மொத்தப் படுக்கை நாள்களில் ஏறக்குறைய பாதியைப் பயன்படுத்தியிருந்தது. கணக்கு எழுதுபவனுக்கு இப்படி ஒரு விகிதத்தைக் காட்டினால் தூக்கம் போய்விடும். கரை காணாத கடல் என்று பயந்துகொண்டிருந்தது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கும் பெயர்களாகச் சுருங்குகிறது.

பெயர்கள் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் ரோசேன் ஹேகர்ட்டியும் அவருடைய சகாக்களும், பின்னாளில் கம்யூனிட்டி சொல்யூஷன்ஸ் என்ற அமைப்பாக ஆனவர்கள், 2010 ஜூலையில் நான்கு ஆண்டு இயக்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். நெடுங்காலமாகத் தெருவில் இருப்பவர்களிலும் உடல்நிலை மோசமானவர்களிலும் ஒரு லட்சம் பேரை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பது இலக்கு. தொண்டர்கள் விடியும் முன்பே தெருத் தெருவாகப் போய், படுத்திருப்பவர்களிடம் பெயர் கேட்டு, உடல்நிலை கேட்டு, எழுதிக்கொண்டார்கள். 2014இல் கணக்கை முடித்தபோது 1,05,000க்கும் மேற்பட்டோர் வீடுகளில் இருந்தார்கள். இலக்கைத் தாண்டிவிட்டார்கள். அத்தனைக்கும் பிறகு, கலந்துகொண்ட ஊர்களில் ஒன்றில்கூட வீடின்மை முடிவுக்கு வந்திருக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். வெற்றி விழா மேடையில் இப்படி ஒரு வாக்கியம் சொல்ல நெஞ்சு வேண்டும். நான் பார்த்த ஆண்டறிக்கைகளில் யாரும் சொன்னதில்லை.

அடுத்து அவர்கள் தொடங்கிய 'பில்ட் ஃபார் ஜீரோ' இயக்கம், எத்தனை பேருக்கு உதவினோம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டது. இன்று இந்த ஊரில் யார் யார் வீடில்லாமல் இருக்கிறார்கள், பெயர் பெயராகச் சொல்லுங்கள் என்று கேட்டது. ஒரே பட்டியல். எல்லா அமைப்புகளுக்கும் பொது. ஆண்டுக்கு ஒரு முறை எண்ணுவது போய், ஆள் வரும்போதும் போகும்போதும் திருத்தப்படும் பட்டியல். இலக்குக்கு 'ஃபங்ஷனல் ஜீரோ' என்று பெயர், நடைமுறைப் பூஜ்யம் என்று சொல்லலாம். முன்னாள் படைவீரர்களைப் பொறுத்தவரை, வீடற்றிருப்பவர்களின் எண்ணிக்கை அந்த ஊரால் ஒரு மாதத்தில் சராசரியாக எத்தனை பேரை வீட்டில் சேர்க்க முடியுமோ அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். நெடுங்கால வீடின்மைக்கு அளவுகோல் இன்னும் கறாரானது. மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய ஊர் என்றால் அங்குள்ள மொத்த வீடற்றோரில் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

பூஜ்யத்திலும் ஒரு பூஜ்யமா என்று முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. கணக்கில் சில்லறையைச் சுருட்டி மறைக்கும் வேலையோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை நினைத்துக்கொண்டேன். அங்கே நோயாளியே வராத நாள் கிடையாது. வந்தவர் தாழ்வாரத்தில் கிடக்காமல் இருந்தால் அந்தப் பிரிவு வேலை செய்கிறது என்று பொருள். நியூஜெர்சியின் பெர்கன் கவுன்டியும் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரமும் 2017இல் இந்த அளவுகோலை எட்டின. ராக்ஃபோர்டு படைவீரர், நெடுங்கால வீடற்றோர் என்ற இரண்டு வகையிலும் எட்டியது. அது செல்வச் செழிப்பான ஊரும் அல்ல, தொழிற்சாலைகளை இழந்த ஊர்.

பட்டியல் கிடைத்த பிறகுதான் பாதையைப் பார்க்கத் தோன்றும். டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரத்தில், வீடற்ற ஒரு முன்னாள் படைவீரர் தெருவிலிருந்து நிரந்தர வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு காலத்தில் 76 படிகள் இருந்தன, 720 நாள்கள் ஆயின. எழுபத்தாறையும் யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு நியாயமாகப் பட்ட இரண்டு மூன்று படிகளைச் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாதையை ஒட்டவைத்துப் பார்த்து, தேவையற்றவற்றை வெட்டிய பிறகு, 2022 வாக்கில் அந்தக் காத்திருப்பு 32 நாள்களாகக் குறைந்திருந்தது. 2011இல் ஓர் இரவுக் கணக்கில் சுமார் 8,500 வீடற்றோர் இருந்த பகுதி அது. பத்தாண்டில் அந்த எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே திட்டத்தின்கீழ் நின்றன.

நாங்களும் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். ஒரு படிக்கு ஒரு துண்டுக் காகிதம். எந்த அலுவலகம், எந்தப் படிவம், எத்தனை நாள். பிற்பகலுக்குள் சுவர் போதாமல் கதவுவரை வந்துவிட்டது. ஓரிடத்தில் காகிதங்கள் வட்டமாகச் சுற்றின. வாடகை உதவி பெற அடையாளச் சான்று வேண்டும், அடையாளச் சான்று பெற முகவரிச் சான்று வேண்டும், முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். எல்லோரும் சிரித்தோம். ஓர் அலுவலர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நடுவில் இருக்கும் அந்த மேசை என்னுடையது" என்றார். மூன்றாவது வாரம், தங்குமிடம் கொடுக்கும் கடிதத்தையே முகவரிச் சான்றாக ஏற்கலாம் என்று மேலிடத்தில் உத்தரவு வாங்கி வந்தார். இதே விஷயத்தைப் பற்றி எத்தனையோ மனுக்கள் அதே மேசைக்குப் போயிருந்தன. தனித்தனி மனுவாகப் பார்த்தபோது அவருக்கு விதி தெரிந்தது, வட்டம் தெரியவில்லை.

பாதையைச் சுருக்குவதில் மிகக் கடுமையான சண்டை, வீடு எப்போது கொடுப்பது என்பதில் வந்தது. பழைய முறை ஏணி மாதிரி. முதலில் தங்குமிடம், பிறகு போதையிலிருந்து விடுபடுதல், பிறகு வேலைப் பயிற்சி, நன்னடத்தை, கடைசிப் படியில் வீடு. நானும் அந்தக் கட்சிதான். குடியை விடாதவருக்கு வீடு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறேன். என் அலுவலகத்தில் மாலையானால் குடிப்பவர்கள் பலர் உண்டு, அவர்கள் அத்தனை பேருக்கும் வீடு இருக்கிறது, யாரும் அதைப் பறிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992இல் ஏணியைத் திருப்பிப் போட்டார். கடுமையான மனநோயும் போதைப் பழக்கமும் உள்ளவர்களுக்கு, நிபந்தனை ஏதுமில்லாமல் முதலில் வாடகை வீடு. மருத்துவமும் ஆலோசனையும் வீட்டுக்கே வரும், ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஐந்து ஆண்டுகளைக் கணக்கிட்டு 2000இல் வெளிவந்த ஆய்வில், இப்படி வீடு பெற்றவர்களில் 88 சதவீதம் பேர் வீட்டிலேயே நிலைத்திருந்தார்கள். நகரத்தின் ஏணி முறையில் போனவர்களில் 47 சதவீதம். கனடா இதை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 2009 முதல் 2013 வரை சோதித்தது. கடைசி ஆறு மாதங்களில் முழு நேரமும் வீட்டில் இருந்தவர்கள், 'முதலில் வீடு' பிரிவில் 62 சதவீதம், வழக்கமான சேவை பெற்ற பிரிவில் 31 சதவீதம்.

இதை மந்திரக்கோலாகக் காட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே கனடா ஆய்வில், மனநோய் அறிகுறிகளிலும் போதைப் பழக்கத்திலும் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீடு கொடுத்தால் வீடின்மை தீரும். மற்ற நோய்களுக்கு மற்ற மருந்து வேண்டும். வீடிருந்தால் அந்த மருந்தை வைக்க ஒரு அலமாரியாவது இருக்கும்.

கூட்டுச் செயல்பாடு என்று மேடையில் சொல்வது எளிது. அறைக்குள் அது பெரும்பாலும் மனஸ்தாபம். ஒருவரின் உடல்நிலை விவரத்தை அடுத்த அமைப்புக்குச் சொல்லலாமா என்பதில் இரண்டு மாதம் போனது. சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுக் கையெழுத்து வாங்கலாமே என்று யாரோ சொன்னபோது, அவரிடம் கேட்கலாம் என்பதே எங்களுக்குப் புதிய யோசனையாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. ஒருவர் வீடு சேர்ந்தால் அது யாருடைய கணக்கில் வரும் என்பதில் இன்னொரு மாதம். ஆறு அமைப்புகளும் ஆளுக்கு ஒன்று என்று போட்டுக்கொள்ளட்டும், பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் போதும் என்று முடிவானது. ஒவ்வொரு நன்கொடையாளரும் தனித்தனியாக 'எங்கள் பணத்தால் எத்தனை பேர்' என்று கேட்கும்வரை இந்தச் சண்டை முற்றாக ஓயாது.

உணவுக் குழுவை நடத்திய அம்மாள் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார். பாத்திரம், கூரை என்று நான் உதாரணமெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். "அப்படியென்றால் நான் பதினோரு வருடமாகச் செய்ததெல்லாம் வீணா, தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. எண்களைக் கையாளத் தெரிந்தவனுக்கு வரும் திமிர் அன்று எனக்கு வந்திருந்தது. பிறகு பட்டியலைச் சரிபார்க்கத் தெருவுக்குப் போனபோது, யார் எங்கே படுப்பார், யார் யாரோடு பேசமாட்டார், யாருக்கு இரவில் இருமல் என்பதெல்லாம் அவருடைய நோட்டில் மட்டும்தான் இருந்தது. 'சிவப்புத் தொப்பிக்காரர்' என்று எழுதியவரும் அவர்தான். பெயர் கேட்டால் அந்தப் பெரியவர் எழுந்து போய்விடுவார், தொப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உட்கார்ந்து பேசுவார் என்றார். நான்கு பெயர்களும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்தது என் கணினி என்றுதான் இதுவரை நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

வாரக் கூட்டத்தின் வடிவமும் மெல்ல மாறியது. பொதுவாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, ஒரு பெயரை எடுப்பது, இவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இப்போது நிற்பது என்ன, அதை யார், எந்தத் தேதிக்குள் நகர்த்துவது என்று மட்டும் கேட்பது. தத்துவம் பேச நேரம் கிடைக்காததால் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கூட்டம் சிறுத்து, வேகம் கூடியது.

மதகைத் திறந்தால் மட்டும் போதாது, வரத்துக்காலையும் பார்க்க வேண்டும். பட்டியலில் 'எங்கிருந்து வந்தார்' என்று ஒரு பத்தி சேர்த்தோம். வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், காப்பகத்தில் வளர்ந்து பதினெட்டு வயதானதும் வெளியே விடப்பட்டவர்கள், வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள். இவற்றோடு, ஒரு மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் அனுப்பப்பட்டவர்கள் என்று ஒரு சின்னக் கொத்து. வார இறுதிக்குள் படுக்கை காலியாக வேண்டும், சமூகப் பணியாளர் திங்கட்கிழமைதான் வருவார். யாருடைய கெட்ட எண்ணமும் அதில் இல்லை, இரண்டு கால அட்டவணைகள் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் 2017இல் இயற்றிய வீடின்மைக் குறைப்புச் சட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. வீடிழக்கும் அபாயம் 56 நாள்களுக்குள் இருந்தாலே உள்ளாட்சி உதவியைத் தொடங்க வேண்டும். சிறைகளும் மருத்துவமனைகளும், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால், அவரைப் பற்றி உள்ளாட்சிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

முன்கூட்டியே தடுப்பதற்கு நல்ல சான்று சிகாகோவில் கிடைத்தது, அதுவும் தற்செயலாக. வாடகை கட்ட முடியாமல் தவிப்பவர்கள் அழைக்க அங்கே ஒரு தொலைபேசி மையம் உண்டு. உதவித் தொகை சில நாள்களில் கையிருப்பில் இருக்கும், சில நாள்களில் இருக்காது. அழைப்பவருக்கு அது முன்பே தெரியாது. ஆக, ஒரே மாதிரியான கஷ்டத்தில் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் பணம் கிடைத்தது, ஒன்றுக்கு நாள் சரியில்லை. இரு தரப்பையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், பணம் இருந்த நாளில் அழைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் தங்குமிடத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. கணக்கன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பணம் கிடைக்காதவர்களிலும் தங்குமிடம்வரை போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். யார் விழப்போகிறவர் என்று முன்கூட்டி அறிவதுதான் தடுப்பின் கடினமான பகுதி.

விழுந்தவரைத் தண்டித்து வெளியேற்றுவது ஒரு வழி என்று நம்பும் ஊர்களும் உண்டு. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரின் வழக்கில், பொது இடத்தில் படுப்பவர்களுக்கு அபராதம் விதிக்கும் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஓர் இடத்தைக் காலி செய்த மறுநாள் எங்கள் பட்டியல் எப்படி இருந்தது என்று தெரியும். பாதிப் பேரைக் காணவில்லை. திரும்பக் கண்டுபிடித்தபோது, அலைந்து வாங்கிய அடையாள அட்டைகள் மூட்டையோடு குப்பை லாரியில் போயிருந்தன. சுவரில் முதல் காகிதத்திலிருந்து மறுபடி.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், பட்டியல் வீடு கட்டாது. கூட்டம் போட்டு வாடகையைக் குறைக்க முடியாது. ஹியூஸ்டனின் வெற்றியில், மற்ற பெரிய அமெரிக்க நகரங்களைவிட அங்கே வீடு கட்டுவதும் வாடகைக்கு எடுப்பதும் எளிது என்பதற்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் கூட்டுறவின் மகிமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது. பின்லாந்து இதைப் புரிந்துகொண்டு இரண்டையும் சேர்த்துச் செய்தது. 1980களின் நடுவில் ஹெல்சின்கியின் தங்குமிடங்களில் 2,121 படுக்கைகள் இருந்தன. 2016இல் 52. தேவைப்படாததால் மூடினார்கள் என்பதைவிட, மூடி வீடுகளாக மாற்றினார்கள் என்பதே சரி. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பழைய விடுதி ஒன்று 2012இல் எண்பது சொச்சம் தனி வீடுகள் கொண்ட கட்டடமாகத் திறந்தது. குடியிருப்பவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், அவர் கையில் சாவி. 1985இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை ஊர் ஊராக அடுக்ககங்களை வாங்கி வாடகைக்கு விடுகிறது. ஹெல்சின்கி நகரமே பெரும் நிலவுடைமையாளர். ஒரு பங்கு வீடுகளைச் சமூக வாடகை வீடுகளாக ஒதுக்கும் நோக்கத்தோடு புதிய குடியிருப்புப் பகுதிகளைத் திட்டமிடுகிறது. நாட்டில் 1987இல் சுமார் 18,000 ஆக இருந்த வீடற்றோர் 2023 முடிவில் 3,429 ஆனார்கள். இதில் உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருப்பவர்களும் அடக்கம்.

2024 முடிவில் அது 3,806. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக ஏறியது. வீட்டு வாடகை உதவியை அரசு குறைத்ததைத் துறையில் இருப்பவர்கள் சுட்டிக்காட்டினார்கள். உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படும் நாட்டிலும் மதகில் கை வைத்தால் மட்டம் ஏறுகிறது. அமெரிக்கக் கணக்கிலேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. மொத்த எண்ணிக்கை உச்சத்துக்குப் போன அதே 2024இல், வீடற்ற முன்னாள் படைவீரர்கள் 32,882 பேர்தான். 2010இல் 74,087 பேர். அரசின் வாடகை உதவிச் சீட்டும் பின்தொடரும் பணியாளரும் பெயர்ப் பட்டியலும் அவர்களுக்கு மட்டும் ஒரே நேரத்தில் கிடைத்தன. ஒரே நாடு, ஒரே வாடகைச் சந்தை.

பெரியவர் பெயர் எங்கள் பட்டியலிலிருந்து ஓர் ஆண்டு முடியும் முன் நீங்கியது. தரைத்தளத்தில் ஒற்றை அறை. உணவுக் குழு அம்மாள் ஒரு செடித் தொட்டி வாங்கிக் கொடுத்தார். ஏழு மாதம் கழித்து அவர் மறுபடி பாலத்தடியில் இருப்பதாக அதே அம்மாள்தான் வந்து சொன்னார். பழைய நாள்களாக இருந்தால் யாராவது ஐந்தாவது பெயரில் அவரைப் புதிதாகப் பதிந்து, புதிய பயனாளி என்று எழுதியிருப்பார்கள். அன்று அவர் பெயரை மேசையில் வைத்துப் பேசினோம். காலில் புண் முற்றி ஐந்து வாரம் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். வாடகை நின்றிருக்கிறது. வீட்டுக்காரர் அறையைக் காலி செய்து வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். அவர் மருத்துவமனையில் இருப்பது எங்களில் இரண்டு பேருக்குத் தெரியும், வாடகை நிற்கும் என்பது மூன்றாவது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

"உள்நோயாளியாக இருக்கும்போது வாடகையை யார் பார்ப்பது?" என்று யாரோ கேட்டார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர் பேனாவைத் திறந்தார். நான் பட்டியலைத் திறந்து, பெரியவர் வெளியேறிய தேதியை அழிக்காமல், பக்கத்தில் திரும்பி வந்த தேதியை எழுதினேன்.